சத்தமில்லாத ஹார்பர்

ஷ்யாம்சுந்தர் மூன்றாவது திங்கட்கிழமையாக அதே கறுப்பு ஜிப்பாவில் வந்து நின்றபோதே விஷ்ணுப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜீன்ஸுக்கு மேலே ஜிப்பா, கழுத்தில் ஒரு பெரிய ஹெட்ஃபோன். அந்த ஹெட்ஃபோனை அவன் காதில் மாட்டி ஒரு நாளும் அவள் பார்த்ததில்லை. கல்யாண வீட்டு நெக்லஸ் மாதிரி சும்மா தொங்கும். யூட்யூபில் அவன் சேனலை நாலு லட்சம் பேர் பார்க்கிறார்களாம். பார்க்கட்டுமே, ஊரில் வேலைவெட்டி இல்லாதவர்களுக்கா பஞ்சம்!

கேளம்பாக்கத்தில், மெயின் ரோட்டை ஒட்டின கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. செல்போன் கேம் செய்கிற கம்பெனி. விஷ்ணுப்ரியா அங்கே சவுண்டு டிசைனர். கேமுக்குள் கதவு திறந்தால் கேட்கிற கிறீச்சிலிருந்து பின்னணி இசை வரைக்கும் அவள் பொறுப்பு. எட்டு வருஷ சர்வீஸ். அவளுக்குக் கீழே இரண்டு பேர்.

‘ஹார்பர் நைன்’ என்று ஒரு வெளிநாட்டு கேம். ஒரு துறைமுகம், வருகிற கப்பலுக்குச் சரக்கு ஏற்ற வேண்டும், கடத்தல்காரர்களை விரட்ட வேண்டும், ஒரே கீபோர்டில் இரண்டு பேர் விளையாடலாம். இருபது வருஷத்துக்கு முன்னால் அதன் முதல் இரண்டு பாகமும் தாம்பரம் பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் சக்கைப்போடு போட்டன. மூன்றாம் பாகத்திலிருந்து ஆறாம் பாகம் வரை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இப்போது ஏழாம் பாகத்தைச் செல்போனுக்குச் செய்கிற உரிமை இவர்கள் கம்பெனிக்குக் கிடைத்திருந்தது. முதலாளி சூர்யநாராயணனுக்கு ஒரே கேள்வி: முதல் இரண்டு பாகம் மட்டும் ஏன் ஓடியது? அதைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் இந்த ஜிப்பா.

“நான் சிட்லபாக்கம் பையன் சார்” என்றுதான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிப்பான், சிட்லபாக்கத்தில் பிறந்தால் ஞானம் பிறவியிலேயே வந்துவிடும் என்கிற மாதிரி. விஷ்ணுப்ரியாவும் சிட்லபாக்கத்தில் வளர்ந்தவள்தான். கல்யாணத்துக்கு அப்புறம்தான் கீழ்க்கட்டளை. அவள் அதை விசிட்டிங் கார்டில் அடித்துக்கொண்டு அலையவில்லை.

“அந்தக் காலத்துல மத்த கேம் எல்லாம் டமால் டுமீல்னு கத்திட்டிருந்துச்சு சார்” என்றான் ஷ்யாம்சுந்தர். “ஹார்பர் மட்டும் மௌனமா இருந்துச்சு. ஒரு அலைச் சத்தம் கிடையாது. பாட்டு கிடையாது. கதை சொல்ற வீடியோ ஒண்ணுகூட கிடையாது. உனக்குள்ள இருக்கிற கடலை நீயே கேட்டுக்கோன்னு அந்த டிசைனருங்க விட்டுட்டாங்க. அந்தத் துணிச்சல்தான் சார் ஹிட்டு. அதைப் புரிஞ்சுக்காம மூணாவது பாகத்துல இருந்து இசையைக் கொட்டிக் கெடுத்தாங்க.”

சூர்யநாராயணன் தலையை ஆட்டினார். நல்ல மனுஷர்தான் அவர். கடைசியாகப் பேசினவன் சொல்வதை நம்பிவிடுவார், அது ஒன்றுதான் அவருக்கு வியாதி.

“இப்ப ஆன்லைன்ல விக்கிற முதல் பாகத்துல மியூசிக் இருக்கே?” என்று கேட்டாள் விஷ்ணுப்ரியா.

ஷ்யாம்சுந்தர் எல்.கே.ஜி. குழந்தையைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துச் சிரித்தான். “அது இருபதாவது வருஷத்துக்கு விட்ட ரீ-ரிலீஸ் மேடம். வியாபாரத்துக்காகப் பின்னாடி ஒட்டினது. வடக்குல இருந்து ரெண்டு பேர் என் வீடியோவுல இதையே வந்து கமென்ட் போட்டாங்க. நீங்க புதுசை விளையாடியிருக்கீங்க பிரதர்னு பதில் சொல்லி அனுப்பிட்டேன்.”

அவளால் மறுத்துப் பேச முடியவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். பன்னிரண்டு வயதில் அவளும் அதைச் சத்தமில்லாமல்தான் விளையாடியிருக்கிறாள். அவள் தெருவில் அத்தனை பேரும் அப்படித்தான்.

கூட்டம் முடிவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. ஏழாம் பாகத்தில் இசை கிடையாது, சத்தம் கிடையாது. அந்த முடிவுக்கு அடுத்த திங்கட்கிழமை முதலாளி கையெழுத்து. சவுண்டு ஆட்கள் மூன்று பேருக்கும் மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. “பர்சனலா எடுத்துக்காதீங்க ப்ரியா” என்றார் சூர்யநாராயணன். வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்? எட்டு மாதமாக நாற்பத்தோரு இசைத் துண்டு செய்து வைத்திருந்தாள். காசிமேட்டு வெயிலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, மீன் கூடை தரையில் விழுகிற சத்தத்தை மட்டும் நாற்பது தடவை பதிவு செய்தவள். அதையெல்லாம் ஒரு ஜிப்பாக்காரன் கால் மணி நேரத்தில் குப்பை என்று சொல்லிவிட்டான்.

போகிற போக்கில் அவன் கடைசியாக ஒரு ஸ்லைடு காட்டினான். “இது என் சொந்த சிடியில இருந்து எடுத்தது. யாரும் கை வெக்காத ஒரிஜினல்.” ஒரு பக்கம் அந்த சிடியின் போட்டோ, அதன்மேல் பச்சை மார்க்கரில் ‘பென்னி நெட் பார்க்’ என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. மார்க்கரில் எழுதின ஒரிஜினல்! அதில் யாருக்கும் ஒன்றும் உறுத்தவில்லை. காப்பியாக இருந்தால் என்ன, உள்ளே இருப்பது அதேதானே என்று அந்தக் காலத்தில் எல்லோரும் நினைத்தார்கள், அவளும்தான். மறுபக்கம் கேமின் செட்டிங்ஸ் பக்கம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கோடு. அதற்குக் கீழே இசையைக் கூட்டிக் குறைக்க இன்னொரு கோடு.

விஷ்ணுப்ரியா அந்த இரண்டாவது கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இசையே இல்லாத கேமில் இசையைக் கூட்டவும் குறைக்கவும் எதற்கு ஒரு கோடு?

அவள் அதை அங்கே கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஏதாவது பூ சுற்றுவான். சனிக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே சிட்லபாக்கம் போனாள்.

சின்ன வயதில் அவள் விளையாடின அந்த பென்னி நெட் பார்க் இப்போது ஜெராக்ஸ் கடை. ஆதாரில் பெயர் மாற்றுவது, கரென்ட் பில் கட்டுவது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் நடக்கிறது. பென்னிக்குத் தலை நரைத்து, தொப்பை வந்து, மூக்குக் கண்ணாடி வந்திருந்தது. ஆனாலும் இவளைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுபிடித்துவிட்டார்.

“இன்னா பாப்பா, மூணாம் நம்பர் மெஷின்! கீபோர்டை ஒட்ச்சிட்டு ஓடிப் போனியே, நாபகம் கீதா?”

“அது நான் இல்லண்ணா, என் ஃப்ரெண்டு” என்று பொய் சொல்லிவிட்டு, கேளம்பாக்கத்தில் கேம் கம்பெனியில் வேலை பார்ப்பதைச் சொல்லி, வந்த விஷயத்தைக் கேட்டாள். ஹார்பரில் அந்தக் காலத்தில் சத்தமே வராதே, ஏன்?

பென்னி ஒரு வாக்காளர் அட்டையை லேமினேஷன் மெஷினுக்குள் தள்ளிக்கொண்டே, மழை ஏன் பெய்கிறது என்று கேட்டவளுக்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னார். “நான்தான் தூக்கிட்டேனே.”

“எதை?”

“ஆடியோவை. அப்பால வீடியோவை.”

விஷ்ணுப்ரியா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“பின்ன இன்னா பாப்பா? எட்டு மெஷினு, எட்டு ஸ்பீக்கரு. அல்லாம் ஒண்ணா கத்துனா இன்னாத்துக்கு ஆவும்? கீழ டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டு சாம்பசிவன் சாரு, பசங்க பரீட்சைக்குப் படிக்குதுங்கன்னு குடையைத் தூக்கினு மேல வந்துடுவாரு. சரி, சத்தத்தைத் தூக்கியாச்சு. அப்பால அந்தக் கதை வீடியோ. ஒவ்வொரு லெவலுக்கும் அஞ்சு நிமிசம் ஓடும். பசங்க உஷாரு பாப்பா! ‘அண்ணா, கதை ஓடுன நேரத்த நாங்க ஆடவே இல்ல, அத்த ஒன் அவர்ல கழிச்சிக்க’ன்னு டெய்லி பஞ்சாயத்து. ஒரே பேஜாரு. தூக்கிட்டேன். ரெண்டு சிடி கேமு ஒரே சிடில அடங்கிச்சு. ரெண்டாவது பாகம் வந்தப்பவும் அத்தேதான் செஞ்சேன். கேம் ஜம்முன்னு ஓடிச்சு. ஓடுது, இல்ல? அப்பால இன்னா?”

மௌனத்தின் துணிச்சல்! வெளிநாட்டு டிசைனர் யோசித்து யோசித்து எடுத்த முடிவு! சிட்லபாக்கத்துப் பயல்கள் அஞ்சு நிமிஷத்துக்குப் பஞ்சாயத்து வைத்ததையும், ஒரு பெரியவர் குடையோடு படியேறி வந்ததையும் இந்த ஆள் மூன்று வருஷமாக நாலு லட்சம் பேருக்குத் தத்துவம் என்று விற்றிருக்கிறான். விஷ்ணுப்ரியா வாய்விட்டுச் சிரித்தாள். லேமினேஷனுக்கு வந்து நின்ற அம்மாள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

“எல்லாக் கடையிலயும் இதேதானா அண்ணா?”

“எங்கிட்டதான் அல்லாரும் காப்பி எட்த்தாங்க. தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம், உங்க கேளம்பாக்கம் வரிக்கும் என் சிடிதான் பாப்பா ஓடிச்சு.”

அசல் சிடி இரண்டும் அவரிடமே இருந்தன. துபாயில் வேலை பார்த்த மச்சான் யேசுதாசன் வாங்கிவந்தது என்று கல்யாண ஆல்பத்துக்குள் பத்திரப்படுத்தியிருந்தார். கடையின் மூலையில் கிடந்த பழைய மெஷினில் போட்டு, ஸ்பீக்கரை மாட்டினார்.

முதலில் தூரத்தில் ஒரு கப்பலின் ஊதல். அப்புறம் அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு தந்தி வாத்தியம், மெதுவாக, அவசரமே இல்லாமல். அலை கல்லில் மோதிவிட்டுத் திரும்பிப் போகிற சத்தம். விஷ்ணுப்ரியாவுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. யாரோ ஒருவர் இதற்காக மாதக்கணக்கில் கடற்கரையில் நின்றிருக்கிறார் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. அவள் செய்ததைவிட நன்றாக இருந்தது. அதையும் ஒப்புக்கொண்டாள், மனசுக்குள்.

“இதையாண்ணா அழிச்சீங்க?”

“நல்லாத்தான் கீது” என்றார் பென்னி. “நான் கேட்டதே இல்ல. ஃபோல்டரைப் பார்த்தேன், டிலீட் அடிச்சேன்.”

திங்கட்கிழமை மீட்டிங்குக்கு நீங்களே வந்து சொல்லுங்கள் என்று அவரைக் கையோடு கூப்பிட்டாள். பென்னிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும், சட்டைப் பையில் இரண்டு பேனாவுமாக வந்து இறங்கினார். விசிட்டர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடி லிஃப்டில் ஏறினார்.

மீட்டிங் ரூமில் ஷ்யாம்சுந்தர் ஆரம்பிக்கும் முன்பே விஷ்ணுப்ரியா ஆரம்பித்துவிட்டாள். முதலில் அவனுடைய ஸ்லைடையே போட்டாள். இசையைக் கூட்டுகிற கோட்டைக் காட்டினாள். “இது எதுக்கு ஷ்யாம்?” அவன் வாயைத் திறப்பதற்குள் அசல் சிடியில் இருந்ததை ஓடவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி உறையின்மேல் அச்சாகியிருந்தது, ரீ-ரிலீஸ் என்று கதை விட வழியில்லை. கப்பல் ஊதியது. தந்தி வாத்தியம் எழுந்தது. அப்புறம் பென்னி எழுந்து, குடை, பஞ்சாயத்து, டிலீட் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

ஷ்யாம்சுந்தரின் முகத்தில் ஈயாடவில்லை. கை தானாகப் போய்க் கழுத்தில் தொங்கின ஹெட்ஃபோனைப் பிடித்துக்கொண்டது. விஷ்ணுப்ரியா அந்த முகத்தை ஆசைதீரப் பார்த்தாள். மூன்று வாரமாக இதற்காகத்தானே காத்திருந்தாள்! சூர்யநாராயணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“அப்ப டிசைனருங்க மௌனமா விடல” என்றார்.

“இல்ல சார். அவங்க உயிரைக் கொடுத்து மியூசிக் போட்டிருக்காங்க. ஷ்யாம் சொன்னது மொத்தமும் டுபாக்கூர்.”

அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இந்த மாதிரி ஆட்கள் விழுந்தாலும் மண் ஒட்டாமல் எழுந்திருப்பார்கள் என்று. ஷ்யாம்சுந்தரின் முகத்தில் பல்பு எரிந்தது.

“சார், இது நான் சொன்னதைவிடப் பெரிய விஷயம் சார்!” என்று எழுந்தான். “டிசைனர் விட்டிருந்தா அது ஒருத்தரோட முடிவு. இது மக்களோட முடிவு! இசை இருந்துச்சு, மக்கள் வேண்டாம்னு தூக்கிட்டாங்க, அப்புறம்தான் ஹிட்டாச்சு. பென்னி அண்ணா, மூணாவது பாகத்தையும் இப்படி வெட்டினீங்களா?”

“டிரை பண்ணேன் சார்” என்றார் பென்னி, பெருமையாக. “அத்துல ஆடியோவைத் தூக்குனா கேம் ஓப்பனே ஆவல. அதான் விட்டுட்டேன். ஒருத்தனும் சீண்டல. அது மட்டும் இல்ல சார், மெஷினே அத்தத் தாங்கல, சும்மா சும்மா நின்னுபூடும்…”

“கேட்டீங்களா சார்! சத்தம் இல்லாத ரெண்டு பாகம் ஹிட்டு. சத்தத்தோட வந்த நாலு பாகம் அவுட்டு.”

“மெஷின் தாங்கலைன்னு சொல்றாரே, அது உங்க காதுல விழலையா?” என்று விஷ்ணுப்ரியா கத்தினாள். “அண்ணா, முதல் ரெண்டு பாகம் ஏன் ஓடிச்சுன்னு நீங்களே சொல்லுங்க!”

பென்னி யோசிக்கக்கூட இல்லை. “என் மெஷின்ல அது ஒண்ணுதான்மா ஓடிச்சு. மத்த கேம் அல்லாம் ஸ்டக்காகி நின்னுபூடும். ரெண்டு பேர் ஒரே சீட்டுல குந்தலாம், காசைப் பாதி பாதி போட்டுக்கலாம். வேற இன்னா?”

அவ்வளவுதான். அதுதான் முழு ரகசியம். இரண்டு சென்டர் தாண்டிப் போய்க் கேட்டிருந்தால் யாரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் வெட்டின பிறகு ஓடியது என்பது மட்டும்தான் சூர்யநாராயணன் காதில் விழுந்தது. எழுந்துபோய் வெள்ளைப் பலகையில் ‘எல்லோருக்கும் எளிமை’ என்று எழுதி, அதன் கீழே இரண்டு தடவை கோடு போட்டார். ஷ்யாம்சுந்தர் தன் போனை எடுத்து, பென்னி வெட்டின வடிவத்துக்குப் பெயராக ‘தாம்பரம் கட்’ என்று அடுத்த வீடியோவுக்குத் தலைப்பே எழுதிக்கொண்டான்.

இவர்களை நம்பி நான் ஆதாரம் திரட்டிக்கொண்டு வந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும் என்று விஷ்ணுப்ரியா தன்னையே திட்டிக்கொண்டாள்.

சூர்யநாராயணன் அவள் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டார். “ப்ரியா, நீங்களும் அங்க விளையாடினவங்கதானே? நாங்க உங்களை வேலைக்கு எடுத்தப்ப, இந்த லைனுக்கு வந்ததே ஹார்பராலதான்னு சொன்னீங்க. சத்தம் இல்லாதது ஒரு நாளாவது உங்களுக்குக் குறையா தெரிஞ்சுதா? நீங்க சொல்றதை நான் நம்புறேன். தெரிஞ்சுதுன்னா இசையை வெச்சுக்கலாம்.”

ஒரே ஒரு ‘ஆமாம்’. அவள் வேலையும், கீழே இருக்கிற இரண்டு பேரின் வேலையும், நாற்பத்தோரு துண்டும் பிழைத்துவிடும். யாருக்கும் தெரியப் போவதில்லை. கீபோர்டுக்காகப் பொய் சொன்னவள்தானே, இதற்கு என்ன?

அவள் யோசித்துப் பார்த்தாள். மூன்றாம் நம்பர் மெஷின். பக்கத்தில் அவளுடைய சிநேகிதி. இருவரும் மாற்றி மாற்றிக் கத்தியது, கப்பல் போய்விட்டால் தலையில் அடித்துக்கொண்டது, ஒரு மணி நேரம் முடிந்ததும் இன்னும் பத்து நிமிஷம் என்று பென்னியிடம் கெஞ்சியது. இத்தனையும் ஞாபகம் வந்தது. ஏதோ குறைகிறது என்று ஒரு வினாடி நினைத்ததாக மட்டும் ஞாபகம் வரவில்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை. ஆனாலும் ஆமாம் என்றே சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தாள். சனிக்கிழமை கேட்ட அந்தத் தந்தி வாத்தியம் காதிலேயே நின்றது. இவ்வளவு நல்ல இசையை, அது இல்லாமல் தவித்தேன் என்று ஒரு பொய்க்குச் சாட்சியாக நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை.

“இல்ல சார்” என்றாள். “ஒரு நாளும் தெரியல.”

“இவ்வளவு நேர்மையா சொன்னதுக்கு தேங்க்ஸ்” என்றார் சூர்யநாராயணன். மேஜைமேல் இருந்த தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். ஷ்யாம்சுந்தர் பென்னியின் தோளில் கை போட்டு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

வெளியே வந்து கேளம்பாக்கம் பஸ் ஸ்டாப் நிழலில் நின்றபோது பென்னிக்கு விஷயம் மெதுவாகப் புரிய ஆரம்பித்திருந்தது. கழுத்தில் விசிட்டர் அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார்.

“இன்னா பாப்பா, உன் வேலை பூட்ச்சா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே! அந்த ஜிப்பாப் பயகிட்ட தோத்துட்டியே.”

“அவன்கிட்டயா? அவனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் எங்கண்ணா” என்றாள் விஷ்ணுப்ரியா. அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டாள். “மூணாம் நம்பர் மெஷின்ல நான்னு ஒருத்தி உட்கார்ந்திருந்தாளே, பன்னண்டு வயசுல, அவகிட்டதான் தோத்தேன். எட்டு வருஷமா நான் அவளுக்காகத்தான் சத்தம் போட்டுக்கிட்டிருந்தேன். அவளுக்கு அது வேணவே வேணாம்.”

பென்னி சட்டைப் பையைத் தடவிக் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். தாம்பரம் பஸ் வந்தது. அவர் ஏறவில்லை.